ஒற்றையா இரட்டையா

நிலவறையில், ஃபர்னஸ் பக்கத்தில்,
நாலு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கறுப்புப் பெட்டியும்.
வெளியே வினிபெக். கழித்தல் முப்பத்திநாலு.
போர்வையை இழுத்தால் பொறி பறக்கிற அளவுக்கு
வீட்டுக் காற்று காய்ந்துபோயிருந்தது.
அதனால் ஒவ்வொரு டிஸ்க்கைத் தொடுமுன்பும்
தண்ணீர்க் குழாயின் செம்பைத் தொட்டேன்,
கோயிலுக்குள் போகிறவன் வாசற்படியைத் தொடுகிற மாதிரி.
நிரோஜினி சிரித்தாள்.

இரண்டை பெம்பினா ரோட்டில் வாங்கினோம்.
மற்ற இரண்டும் தபாலில் வந்தன.
ஒரே தொகுதியில் பிறந்தவை
ஒரே கிழமையில் சாகும் என்று
எங்கேயோ வாசித்திருந்தேன்.
"சாதகமும் பார்த்திட்டியோ?" என்றாள்.
ஆனாலும் தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து
முதுகில் பொட்டு வைத்தாள்:
ஒன்றுக்கு ஒன்று, நாலுக்கு நாலு.

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா
என்று கேட்டது திரை.
பெட்டி பிரித்த மணமே போகாத டிஸ்க்கில்
அழிய என்ன இருக்கிறது?
"ஓம் எண்டு அமத்து."
அமத்தினேன்.

அது எப்படி வேலை செய்யுது என்று கேட்டாள்.
மூன்று பேர் கையை மூடிக்கொள்கிறார்கள்.
ஒவ்வொரு கையிலும் ஒரு புளியங்கொட்டை, அல்லது வெறுமை.
நாலாவது ஆள் மொத்தம்
ஒற்றையா இரட்டையா என்று மட்டும் சொல்வார்.
ஒருவர் எழும்பிப் போனாலும் பரவாயில்லை,
மிச்சப் பேரைக் கேட்டால்
போனவர் கையில் இருந்தது தெரிந்துவிடும்.
"ரெண்டு பேர் போனால்?"
தெரியாது.
"அப்ப இது ஒராளுக்குத்தான் தாங்கும்."
ஓம்.

பதினாலு மணித்தியாலம் எடுத்தது.
விடிய, வேலைக்குப் போகுமுன்
பாதிப் படி இறங்கி எட்டிப் பார்த்து
"எழுபத்தொண்டு!" என்று கத்திவிட்டுப் போனாள்.
பரீட்சையில் நான் எடுத்த புள்ளி மாதிரி.

வரிக் கணக்கு, அவளுடைய தாதிச் சான்றிதழ்கள்,
ஒரே யன்னலால் எடுத்த பனிப் படங்கள் முந்நூறு,
பாடிப் பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லியும்
நான் அழிக்காத ஓர் ஒலிப்பதிவு.
மூன்று வருசம் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பிறகு பாதி பாதி என்று முடிவானது.
சோற்றுக் குக்கர் அவளுக்கு.
பனி வழிக்கிற மண்வெட்டி எனக்கு.
கறுப்புப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.
அது அப்படிப் பிரியாது என்றேன்.
ஒரு படத்தின் நெற்றி ஒன்றில், கண் இன்னொன்றில்;
இரண்டை வைத்து
உனக்கும் ஒன்றும் வராது, எனக்கும் வராது.
"தெரியும்," என்றாள்.
இரண்டாம் பொட்டையும் நாலாம் பொட்டையும் கழற்றி
கம்பளிக் காலுறைகளில் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றிரவு பெட்டி கீச்சிட்டது.
அணி முழுமையாக இல்லை என்றது திரை.
அணி. படைக்கும் அதுதான், நகைக்கும் அதுதான்.
கீச்சிடுகிற வயரை வெட்டினேன்.
அதற்குப் பிறகு ஃபர்னஸின் சத்தம் மட்டும்.

மார்ச் மாதம் வந்தாள்.
ஒரு சான்றிதழ் வேண்டுமாம்,
கல்கரியில் வேலை.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கோட்டைக் கழற்றாமல்
அதே படியால் இறங்கினாள்.
காலுறைக்குள் இரண்டும் பத்திரம்.
பொட்டுப் பார்த்துச் செருகினேன்.
நாலு பச்சை விளக்கு, ஒன்றும் நடக்காதது போல.

தேடும்போது தவறி ஒரு பனிப் படம் திறந்தது.
"இது எந்த வருசம்?"
எல்லா வருசமும் அப்படித்தான் இருந்தது.
மூடினாள். சான்றிதழை எடுத்தாள்.
பதினொரு நிமிசம்.

முறைப்படி நிறுத்தி
அவளுடைய இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன்.
இருவருமே குழாயைத் தொட மறந்திருந்தோம்.
என் விரலுக்கும் அவள் விரலுக்கும் நடுவில்,
நாலாம் பொட்டின் மேலால்,
சடக் என்று ஒரு நீலப் பொறி.

"போயிருக்குமோ?"

போயிருக்கலாம்.
போகாமலும் இருக்கலாம்.
பார்க்க வேண்டுமென்றால்
நாலும் வேண்டும்.